ஆறு குச்சி ஏரியல்

எங்கள் ரேடியோக் கடைக்கு வருகிற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "க்ளெம் இல்லையா?" என்பதுதான். க்ளெம் என் தம்பி. கடைப் பலகையில் அவன் பெயர்தான் பெரிதாக இருக்கும். கல்லாவில் உட்கார்ந்து சிரிக்க அவனை விட்டால் ஆளில்லை. ஆனால் ஏணியில் மூன்றாம் படியைத் தாண்டினால் அவனுக்குத் தலை சுற்றும். இங்கிலாந்தின் நெசவு ஊர்களில் ஒன்றான எங்கள் பர்ன்லியில் ஏரியல் இருக்கிற புகைபோக்கிகளில் பாதிக்கு மேல் நான் ஏறிக் கட்டியவை. எந்தத் தெருவில் எந்த ரேடியோ ட்யூனர் பாடும், எந்தத் தெருவில் இரையும் என்று என்னைத்தான் கேட்க வேண்டும். இதையெல்லாம் வருகிறவனுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. "இருக்கான். ஆனா அவனைக் கேட்டா தப்பாத்தான் சொல்லுவான்" என்று சொல்லிவிடுவேன்.

ஆம்ப்ரோஸ் ஹோல்கேட் அப்படிக் கேட்கவில்லை. எழுபத்து நான்காம் வருஷம் அக்டோபர் மாதம், ஒரு மழை நாளில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். ஒல்லியான, சுத்தமான மனிதர். நாற்பது வருஷம் விசைத்தறிக் கொட்டகையில் தறி மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். க்ளெம்மைத் தாண்டி நேரே என்னிடம் வந்தார். நான் வாயைத் திறந்தால் கண்ணெடுக்காமல் என் முகத்தையே பார்த்தார். என் நாற்பத்தாறு வயதில் ஓர் ஆண்பிள்ளை நான் பேசுவதை இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பூரித்துப் போனேன், மறைப்பானேன்.

"என்கிட்ட பாட்டுப் பெட்டி இருக்கும்மா. தட்டு சுத்துறது, ஆம்ப்ளிஃபயர், ரெண்டு ஸ்பீக்கர். எல்லாம் உங்க கடையில வாங்கினதுதான். பேண்டு இசைத்தட்டு போட்டா வீடே அதிரும். ஆனா ரேடியோ மட்டும் பழைய மரப்பெட்டி. அதுல பேசுறவன் எல்லாம் வாயில கொழுக்கட்டை வச்சிருக்கான்."

"அதுக்கு ஒரு ட்யூனர் வாங்கி ஆம்ப்ளிஃபயரோட சேர்த்துட்டா போதும். என்ன கேப்பீங்க? பாட்டா, பேச்சா?"

அவர் பதில் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். லண்டன் முத்திரை. நாலு வரிதான் இருந்தது. நவம்பர் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணிக்கு வானொலியில் நேரடியாகப் பதினைந்து நிமிஷம் பேசப் போகிறேன். நான் எழுதியதை நானே படிக்கிறேன். நீங்கள் கேட்க வேண்டும். உங்கள் முகத்துக்கு நேரே என்னால் சொல்ல முடியாததை அதில் சொல்கிறேன். கீழே முரியல் என்று கையெழுத்து.

"உங்க பொண்ணா?"

"ஒரே பொண்ணு. அறுபத்தொண்ணுல வீட்டை விட்டுப் போனா. போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சாப்பாட்டுக்கு உள்ள வர்றேன், பெட்டியும் இல்ல, அவளும் இல்ல. அவங்கம்மா அடுப்புக்கிட்ட உக்காந்து அழுதுகிட்டிருக்கா. அஞ்சு வருஷம் முன்ன அவங்கம்மா சாவுக்கு வந்தா. அப்பவும் பேசல. பதிமூணு வருஷத்துல இதுதான் முதல் கடுதாசி." அட்டையைத் துடைத்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை கூடத் தவறக் கூடாது. திருப்பிப் போட மாட்டாங்கல்ல?"

"நேரடின்னா போட மாட்டாங்க."

"அப்ப நல்லதா ஒண்ணு குடு. உள்ளதுலயே நல்லது."

அலமாரியில் மூன்று ட்யூனர் இருந்தன. முதலாவது, வெறும் டயல் மட்டும் உள்ளது, விலை மலிவு. இரண்டாவதில் அலையின் வலுவைக் காட்ட ஒரு முள். மூன்றாவதில் இரண்டு முள்: ஒன்று வலுவைக் காட்டும், மற்றது நிலையம் சரியாக நடுவில் பிடிபட்டதா என்று காட்டும். மூன்றையும் கடையின் கூரை ஏரியலில் மாட்டிச் செய்தி வாசிக்கிறவன் குரலை வரிசையாகப் போட்டுக் காட்டினேன். ஹோல்கேட் ஸ்பீக்கரின் துணியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "எது நல்லாக் கேக்குது?" என்றார்.

"நீங்கதானே சொல்லணும்?"

"நீ சொல்லு. எனக்கு மூணும் ஒண்ணாத்தான் இருக்கு."

உண்மையைச் சொல்கிற வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்கள் எல்லாம் கேட்காத வித்தியாசத்தைக் கேட்டதாகச் சாதிப்பார்கள். இரண்டு முள் உள்ளதை எடுத்துக் கொடுத்தேன். "ட்யூனர் பாதிதான், மிஸ்டர் ஹோல்கேட். மிச்சப் பாதி கூரை மேல இருக்கு. உங்க தெரு பள்ளத்துல இருக்கு, எதிர்ல பெண்டில் மலை. நாலு குச்சி ஏரியல் ஒண்ணு புகைபோக்கியில கட்டுறேன். ஒலிபரப்புக் கோபுரத்தைப் பார்த்துத் திருப்பி வச்சா நெத்தியில அடிச்ச மாதிரி வரும்."

ஜன்னல் பக்கம் திரும்பிப் பெட்டியைக் கட்டிக்கொண்டே, வியாழக்கிழமை வரட்டுமா என்று கேட்டேன். பதிலில்லை. திரும்பிப் பார்த்தால் தொப்பியைத் தடவிக்கொண்டு நிற்கிறார். மேஸ்திரி திமிர் இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி கேட்டேன். "வாம்மா, வாம்மா, டீ போட்டு வைக்கிறேன்" என்றார் மலர்ந்த முகத்தோடு.

வியாழக்கிழமை போனேன். கூரையில் கற்பலகைகள் மழையில் வழுக்கின. புகைபோக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏரியலைத் திருப்பித் திருப்பி, "முள்ளு எவ்வளவு காட்டுது?" என்று கீழே பார்த்துக் கத்தினேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. மூன்று தடவை கத்திவிட்டு, ஏணியில் இறங்கி உள்ளே போனேன். மனிதர் ட்யூனர் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"நான் தொண்டை கிழியக் கத்துறேன், வாயில என்ன பூட்டா?"

"காத்து அடிக்குதில்ல, மேல இருந்து கத்துனா எப்படிக் கேக்கும்?"

காற்று அடித்தது உண்மைதான். வாயை மூடிக்கொண்டேன்.

முள் நாலில் நின்றது. ஐந்துதான் உச்சம். ஒருவன் தோட்டத்தில் கோஸ் நடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவன் மூச்சு வாங்குவது கூட எனக்குக் கேட்டது. ஹோல்கேட் தலையை ஆட்டினார். "பாட்டு போடுறப்ப பிரமாதமா இருக்கு. ஆளு பேசுனா முணுமுணுப்புதான். உள்ள ஏதோ அடைச்சிருக்கு."

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் என்னைக் கெடுத்தது. பேச்சு மட்டும் மங்குகிறது என்றால் அதற்கு எங்கள் தொழிலில் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. கோபுரத்திலிருந்து அலை நேரே ஒரு வழியில் வரும். மலையில் மோதி இன்னொரு வழியிலும் வரும். இரண்டாவது கொஞ்சம் பிந்தி வந்து முதலாவதன் மேல் ஏறி உட்காரும். வல்லினமும் ஸகரமும்தான் அதில் முதலில் அடிபடும். பெண்டில் மலை எதிரில் நிற்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்? எனக்குத் தெளிவாகத்தான் கேட்டது. ஆனால் அவர் சொன்ன பிறகு உற்றுக் கேட்டேன், எனக்கும் ஓரத்தில் ஒரு மங்கல் இருக்கிற மாதிரியே பட்டது. இல்லாததை நானே உண்டாக்கிக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் நாலு குச்சியை இறக்கி ஆறு குச்சி ஏற்றினேன். அதற்கடுத்த வாரம் கம்பத்தை ஆறடி உயர்த்தினேன். பிறகு ஏரியலைக் கோபுரத்தை விட்டுக் கொஞ்சம் விலக்கி, மலைப் பக்கம் அதன் பின்முனை இருக்கும்படி வைத்தேன். முள் ஐந்தைத் தொட்டு அங்கேயே நின்றது. ட்யூனரையும் மாற்றினேன், க்ளெம் தன் வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த வால்வு ட்யூனரைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"இந்தத் தெருவுக்கு வானொலிக்காரனையே கூட்டிட்டு வந்து கூரையில உக்கார வச்சிடு" என்றான் க்ளெம். "கிழவர் உன்னைப் பார்க்கத்தான் குறை சொல்றாரோ என்னவோ."

"உன் மூஞ்சியைப் பார்க்குறதுக்கு என் மூஞ்சி பரவாயில்லன்னு நினைச்சிருப்பாரு."

ஒவ்வொரு தடவையும் ஹோல்கேட் டீயும் இஞ்சிக் கேக்கும் வைத்திருப்பார். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் ஸ்பீக்கரை முறைப்பார். பிறகு மெதுவாக, என் மனம் நோகக் கூடாதே என்கிற மாதிரி, "கொஞ்சம் தேவலாம்மா" என்பார். தேவலாம் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரியும். எனக்கு ஆத்திரமாக வந்தது. என் தொழிலில் இப்படி ஒரு வீடு என்னைத் தோற்கடித்ததே இல்லை.

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. என்னை யாரும் கூப்பிடவில்லை. மூன்றரைக்கே போய்விட்டேன். அவர் சவரம் செய்து கழுத்துப்பட்டை கட்டி, சர்ச்சுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் நேரில் வருகிற மாதிரி கணப்பில் நிலக்கரி நிறையப் போட்டிருந்தார்.

ட்யூனருக்குப் பின்னால் மண்டியிட்டு ஏரியல் வயரை ஒருமுறை கழற்றி மாட்டினேன். வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. "இப்ப எப்படி இருக்கு?" என்றேன். பதிலில்லை. "மிஸ்டர் ஹோல்கேட், இப்ப எப்படி?" பதிலில்லை. மூன்றாம் தடவையும் இல்லை. ஆறு வார ஆத்திரம் எனக்குத் தலைக்கேறியது. "கிழட்டுக் கழுதை" என்றேன், வாய்க்குள் இல்லை, நன்றாகவே. எட்டிப் பார்த்தேன். அவர் நெருப்பைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன். மூக்கைத் துடைக்கிற மாதிரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, "மணி என்ன?" என்று கேட்டேன்.

"கையை எடுத்துட்டுப் பேசும்மா" என்றார் அவர் சர்வ சாதாரணமாக. "வாயை மூடிக்கிட்டுப் பேசுனா யாருக்குக் கேக்கும்?"

எங்கள் ஊரில் தறிக் கொட்டகையில் வேலை பார்த்தவர்களுக்குக் காது மந்தம் என்பது குழந்தைக்குக் கூடத் தெரியும். ஆயிரம் தறி ஓடுகிற கொட்டகைக்குள் இடி விழுந்தாலும் கேட்காது. உள்ளே இருக்கிற எல்லோரும் உதட்டை அசைத்துத்தான் பேசுவார்கள், உதட்டைப் பார்த்துத்தான் கேட்பார்கள். என் அம்மாவும் நெசவுக்காரிதான். தெருவுக்கு அந்தப் பக்கத்து ஜன்னலில் நிற்கிறவளோடு சத்தமே இல்லாமல் மணிக்கணக்காக வம்பளப்பாள். பிரசங்கம் நடக்கும்போது சர்ச்சின் இரண்டு மூலையிலிருந்து இரண்டு நெசவுக்காரிகள் பாதிரியாரின் தொப்பையைப் பற்றிப் பேசிக்கொள்வதை நானே உதட்டில் படித்திருக்கிறேன். இவ்வளவும் தெரிந்த நான் ஏன் கண்டுபிடிக்கவில்லை? மற்றவர்கள் கத்திப் பேசுவார்கள், இவர் மெல்லப் பேசினார். மற்றவர்கள் ஆங் என்பார்கள், இவர் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னார். எதிரில் ஒரு முகம் இருக்கிறவரை அவருக்கு எல்லாம் கேட்டது. ரேடியோவுக்கு ஏது உதடு?

"மிஸ்டர் ஹோல்கேட், கோளாறு ட்யூனர்ல இல்ல, ஏரியல்லயும் இல்ல. உங்களுக்குத்தான் காது கேக்கல."

"எனக்கா?" அவர் முகம் சிவந்தது. "ரெண்டு தெரு தள்ளி லாரி வந்தா எனக்குக் கேக்கும். பேண்டுல பெரிய முரசு அடிச்சா நெஞ்சுல கேக்கும். நீ ஆறு வாரமா ஏணி ஏறி ஒண்ணும் ஆகல, இப்ப என் காது மேல பழி போடுறியா?"

"கிழட்டுக் கழுதைன்னு திட்டுனேனே, கேட்டுச்சா?"

"எப்ப திட்டுன?"

"இப்பதான். உங்க முதுகுக்குப் பின்னாடி."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலுக்கு மூன்று நிமிஷம். அவர் கண்ணில் நான் கண்டது கோபம் இல்லை, பயம். "அப்ப நான் எப்படிம்மா கேப்பேன்?" என்றார். குழந்தை மாதிரிக் கேட்டார்.

சமையலறையிலிருந்து ஒரு முக்காலியை இழுத்து வந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், அவர் முழங்காலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். விளக்கைப் போட்டு என் முகத்தில் வெளிச்சம் விழும்படி திருப்பிக்கொண்டேன். "அவ சொல்றதை நான் சொல்றேன். என் வாயைப் பாருங்க."

நாலு மணி அடித்தது. அறிவிப்பாளன் அவள் பெயரைச் சொன்னான். பிறகு முரியல் பேசினாள். அடி ஆழத்தில் எங்கள் ஊர் வாடை இன்னும் மிச்சமிருந்த, நிதானமான குரல். நான் சத்தமில்லாமல், அம்மா ஜன்னலில் நின்று பேசுகிற மாதிரி உதட்டை நன்றாக விரித்து, ஒரு வாக்கியம் பின்னால் தொடர்ந்தேன். அவர் கண்கள் என் வாயை விட்டு நகரவில்லை.

முதலில் தெருவைப் பற்றிச் சொன்னாள். திங்கட்கிழமை துவைத்த துணிகள் தெரு முழுக்கத் தொங்குவது, அவள் அம்மா கை முழுக்கச் சோப்பு நுரையோடு வாசலில் நிற்பது. ஹோல்கேட் சிரித்தார். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு அவள், எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சத்தமில்லாமல் பேசிக்கொள்வார்கள், மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உதடுகள் அசையும், எனக்கு அந்தப் பேச்சை யாரும் கற்றுத் தரவில்லை, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள், அந்த வீட்டில் சத்தம் போட்டவள் நான் ஒருத்திதான், அந்தச் சத்தம் யாருக்கும் தேவைப்படவில்லை என்றாள். நான் அதைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

அடுத்தது வீட்டை விட்டுப் போன அந்த நாளைச் சொன்னாள். அப்பா கொல்லையில் புறாக்கூண்டுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியோடு பின்வாசலில் நின்றேன். அப்பா, நான் லண்டனுக்குப் போகிறேன் என்றேன். அவர் திரும்பவில்லை. அப்பா, நான் போகிறேன் என்று மறுபடி சொன்னேன். சுத்தியல் நிற்கவில்லை. எனக்குப் பத்தொன்பது வயது, உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவை, போகாதே என்று நீங்கள் சொன்னால் போகமாட்டேன் அப்பா என்றேன். அவர் அடுத்த ஆணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

இதைச் சொல்வதற்குள் என் உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார், மூன்று தடவையா என்று. நான் தலையாட்டினேன்.

ஸ்பீக்கரில் முரியல் முடிவுக்கு வந்துகொண்டிருந்தாள். அவள் சொன்னதைக் கேட்டேன். என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. "இப்ப கோபமெல்லாம் போயிடுச்சுப்பா" என்று உதட்டை அசைத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். இசை வந்தது. எட்டி ட்யூனரை அணைத்தேன்.

ஹோல்கேட் என்னையே பார்த்தார். "இது இல்ல" என்றார்.

"இதுதான் சொன்னா."

"அம்மாடி, எனக்கு வார்த்தைதான் கேக்காது. முணுமுணுப்பு கேக்கும். அவ நீளமாச் சொன்னா. நீ குட்டையா முடிச்சுட்ட. நாப்பது வருஷம் வாயைப் பார்த்தவன்கிட்ட வாயால பொய் சொல்லாத. சொல்லு."

சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், அவருக்கு இரண்டும் ஒன்றுதான். "உன் மனசு எப்படி இப்படிக் கல்லாச்சுன்னு என்னைக் கேக்குறாங்க. அந்த முதுகைப் பார்த்துத்தான் ஆச்சு. எங்கப்பா இதைக் கேட்டுக்கிட்டிருந்தார்னா, அவருக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். அன்னிக்கு நீங்க திரும்பியிருந்தா நான் நின்னிருப்பேன். திரும்பாம இருந்ததுக்கு இவ்வளவு காலம் உங்களை வெறுத்தேன். இன்னும் வெறுக்குறேன். அதைச் சொல்லிடணும்னுதான் வந்தேன்."

கணப்பில் நிலக்கரி சரிந்து விழுந்தது. அது அவருக்குக் கேட்டதோ இல்லையோ, அசையவில்லை. வெளியே இருட்டிவிட்டிருந்தது. டீ ஆறிப் போய்த் தட்டில் இருந்தது.

"உங்களுக்குக் கேக்கல" என்றேன். "அவ்வளவுதானே? அவளுக்கு அது தெரியாது, உங்களுக்கே தெரியாது. இன்னிக்கே எழுதுவோம். நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். எனக்குக் காது செவிடு, நீ கூப்பிட்டது காதுல விழல. ரெண்டு வரி. காலையில தபால்ல போட்டுடுறேன்."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? பதிமூணு வருஷமா அந்தப் பொண்ணு..."

"வேண்டாம்னா வேண்டாம். அன்னிக்குக் காது கேக்கல, சரி. அதுக்கப்புறம்? பதிமூணு வருஷம் நான் ஒரு வரி எழுதல. போனவ போகட்டும்னு வீம்பா உக்காந்திருந்தேன். அவங்கம்மா சாவுல பக்கத்துல நின்னா, நான் வாயைத் திறக்கல. அதுக்குக் காதா காரணம்? கை நல்லாத்தானே இருந்துச்சு? வாய் நல்லாத்தானே இருந்துச்சு? அவ சொன்னது சரிதான்."

"அது வேற, இது வேற. இதையாவது அவ தெரிஞ்சுக்கட்டும்."

"தெரிஞ்சா என்ன ஆகும்? ஊர் உலகமெல்லாம் கேக்க, ஒரு செவிடனைப் போட்டு இப்படிப் பேசிட்டோமேன்னு ஆகும். செவிட்டு அப்பனை விட்டுட்டுப் போயிட்டோம்னு ஆகும். கோபம்னா அவ தாங்கிக்குவா, இத்தனை நாள் தாங்கியிருக்கா. இதை அவளால தாங்க முடியாது." கையை நீட்டினார். "நான் உயிரோட இருந்தாலும் இல்லாட்டியும் சொல்ல மாட்டேன்னு கை குடு."

"நீங்க என்ன பெரிய தியாகியா?" என்று கத்தினேன். அழுகை வந்துவிட்டது. "நீங்க பண்றது தப்பு. அவளுக்கும் தப்பு, உங்களுக்கும் தப்பு."

"கத்தாத. முகத்தைச் சுளிச்சுக்கிட்டுக் கத்துனா எனக்குப் புரியாது. கை குடு."

கொடுத்தேன். எங்கள் ஊரில் கை கொடுத்தால் கொடுத்ததுதான். அப்படிக் கொடுத்திருக்கக் கூடாது என்று அன்று வண்டியில் ஏறும்போதே தெரிந்துவிட்டது.

பிப்ரவரியில் நெஞ்சுச் சளி கண்டு ஒன்பது நாளில் போய்விட்டார். அடக்கம் முடிந்து நாலாம் நாள், சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண் கடைக்கு வந்தாள். க்ளெம் இல்லையா என்று கேட்கவில்லை. ட்யூனரின் அடியில் எங்கள் கடைச் சீட்டு ஒட்டியிருந்ததாம். வீட்டைக் காலி செய்கிறாள், புகைபோக்கியில் இருக்கிற ஏரியலை இறக்க வேண்டுமாம். குரலைக் கேட்டதுமே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இவ்வளவு பெரிய ஏரியல் எதுக்குங்க அவருக்கு?" என்றாள். "பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க, நீங்க ஆறு வாரம் ஏறி ஏறி இறங்குனீங்களாம்."

"நவம்பர்ல ஒரு பேச்சு கேக்கணும்னாரு."

அவள் கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "கேட்டாரா?"

"கேட்டாரு."

"முழுசுமா?"

"ஒரு வார்த்தை விடாம. நானும் கூட இருந்தேன்."

"என்ன சொன்னாரு?"

"நீங்க சொன்னது சரின்னு சொன்னாரு."

அவள் கடையின் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தாள். நான் வேறென்னவோ எதிர்பார்த்தேன், அழுவாள் என்றோ, திட்டுவாள் என்றோ. பத்து வயது கூடியவள் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குரலே எழும்பாமல் கேட்டாள். "அப்ப அன்னிக்கு ஏன் திரும்பல? அதைச் சொன்னாரா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள், எனக்குப் பொய் சொல்ல வராது. அவருடைய வற்றிய கை என் கையைப் பிடித்திருந்த பிடி மட்டும்தான் அப்போது எனக்கு ஞாபகம் வந்தது.

"இல்லைங்க" என்றேன். "அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அவள் தலையாட்டினாள், ஏரியலை எப்போது இறக்க முடியும் என்று கேட்டாள், சனிக்கிழமை என்றேன்.